பிள்ளைகளின் மனநோயும் பெற்றோர் கடமையும்

கடைக் கணக்கில் பத்து வெள்ளி குறைந்தால், கதவைச் சாத்திய பின்னும் விளக்கைப் போட்டுத் தேடுகிறோம். பெற்ற பிள்ளையின் முகத்தில் சிரிப்புக் குறைந்தால் தேடுகிறோமா? வியாபாரச் சகோதரர்கள் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

எமது மகன் பதினான்கு வயதில், பள்ளிக்குப் புறப்படும் நேரமெல்லாம் வயிற்று வலி என்றான். இரவில் உறக்கமில்லை, பந்தாட்டத்தையும் விட்டுவிட்டான். சோம்பேறி என்று ஏசினோம். பிறகு கண்ணேறு என்று எண்ணி ஓதிப் பார்த்தோம், தாவீஸும் கட்டினோம். எட்டு மாதங்கள் வீணாயின. வகுப்பாசிரியை எடுத்துச் சொன்ன பிறகே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். இது மனப்பதற்றம் என்னும் நோய் என்றார் டாக்டர். அஞ்சியதை விட்டு விலக விலக அச்சம் வளரும் என்று விளக்கினார். முதலில் பள்ளி வாசல்வரை, பிறகு ஒரு பாடவேளை, பிறகு அரை நாள் என்று படிப்படியாகப் பழக்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாயிருக்கிறான்.

இத்துன்பம் ஒரு வீட்டோடு நிற்பதன்று. உலகில் 10 முதல் 19 வயதுவரை உள்ளோரில் ஏழில் ஒருவருக்கு மனநலக் கோளாறு உண்டென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நாட்டில் 2022-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில், இடைநிலைப் பள்ளி மாணவர் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருந்தது.

இரண்டு வாரங்களுக்கு மேலாக வாட்டமோ எரிச்சலோ, விருப்பமானவற்றில் வெறுப்பு, உறக்கத்திலும் உணவிலும் மாறுதல், படிப்பில் திடீர்ச் சரிவு ஆகியவை கண்டால் தாமதிக்கலாகாது. பேச்சு வழிச் சிகிச்சையும், பெற்றோருக்கான பயிற்சியும், தேவையானால் மருந்தும் உண்டு. டாக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று தள்ளிவிடாமல், தனியே விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555.

மறைத்து வைப்பதன் முடிவை நம் முன்னோர் ஊர்ப்பக்கமே கண்டது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிச் சிக்கினர். மாண்டோர் 28 பேர்.

துஆ வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. துஆவோடு மருந்தும் வேண்டும். உடலைப் போலவே உள்ளமும் நோயுறும், அதற்கும் சிகிச்சை உண்டு என்று ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஜைத் அல்பல்கீ என்ற அறிஞர் விரித்து எழுதினார். நாம் வெட்கப்படுவானேன்?

இன்றிரவு கடையடைத்ததும், கணக்கைப் பார்க்குமுன் பிள்ளையோடு கால்மணி நேரம் உட்காருங்கள். வல்ல அல்லாஹ் நம் சந்ததியருக்கு உடல் நலமும் மன நலமும் தந்தருள்வானாக! ஆமீன்.