திரும்பி வரும் குண்டு

அன்புள்ள கயல்,

உன் ஏரிப் போஸ்டரை அம்மா போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். வறண்ட ஏரி, நாரை, மண் அள்ளும் இயந்திரம், பிளாஸ்டிக் பைகள், அழும் குழந்தை, அடியில் ஐந்து வரி வாசகம். கை வலிக்க வலிக்க வரைந்திருக்கிறாய். பரிசு கிடைக்காத கோபத்தில் கிழிக்கப் போவதாகச் சொன்னாயாமே! கொஞ்சம் பொறு. 1975-இல் போலந்தின் தலைநகர் வார்சாவில் ஒரு போட்டியில் வென்ற சுவரொட்டியைப் பற்றி முதலில் கேள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து 30 ஆண்டுகள் ஆனதையொட்டி நடந்த போட்டி அது. முதல் பரிசு ஜப்பானியரான ஷிகெயோ ஃபுகுடாவுக்கு. மஞ்சள் பின்னணியில் சாய்வாக ஒரு பீரங்கிக் குழாய். அதற்கு நேரே ஒரு குண்டு. பாய்ந்து போகும் குண்டின் கூர்முனை வெளியே பார்க்க வேண்டும் அல்லவா? இதில் குழாயின் வாயையே பார்க்கிறது. சுட்டவனிடமே திரும்பி வருகிறது. ‘வெற்றி 1945’ என்பது தலைப்பு. பிணம் இல்லை, புகை இல்லை, கொடி இல்லை. ஒரே ஒரு பொருளின் திசையை மாற்றினார், அவ்வளவுதான்.

இந்தப் படத்துக்கு அக்காள் போல ஒன்று போலந்தில் 1952-இலேயே பிறந்துவிட்டது. ததேவுஷ் திரெப்கோவ்ஸ்கி வரைந்தது. வானத்திலிருந்து விழும் குண்டின் உருவம். அந்த உருவத்துக்குள்ளேயே இடிந்து நிற்கும் ஒரு கட்டடம். வாசகம் ஒரே சொல்: ‘வேண்டாம்!’ காரணமும் விளைவும் ஒரே கோட்டுக்குள் அடங்கிவிட்டன. அதைப் பார்த்த வார்சாக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் நகரத்தின் பெரும்பகுதி போரில் தரைமட்டமாகியிருந்தது.

சுவரொட்டி அந்த ஊரில் இவ்வளவு செழித்ததற்கும் அந்த இடிபாடுகளோடு தொடர்பு உண்டு. திரும்பக் கட்டிக்கொண்டிருந்த நகரத்தின் சாம்பல் நிறச் சுவர்களிலும் வேலிப் பலகைகளிலும் வண்ணம் என்று இருந்தது சுவரொட்டிகள்தான். சினிமா விநியோகம் அரசின் கையில் இருந்தது. நடிகர் முகத்தைப் பெரிதாகப் போட்டு டிக்கெட் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஹென்றிக் தொமாஷெவ்ஸ்கி போன்றவர்கள் படத்தின் கருவை எடுத்துத் தங்கள் விருப்பம்போல வரைந்தார்கள். 1948-இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியில் அவர் ஒருவருக்கே ஐந்து முதல் பரிசுகள். பின்னாளில் வார்சா நுண்கலைக் கழகத்தில் அவரிடம் படிக்கப் பிரான்சிலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்தார்கள். தணிக்கை இருந்தது உண்மைதான். நேராகச் சொல்ல முடியாததை உருவகத்தில் சொல்லும் பழக்கம் அதனாலேயே கூர்மையானது.

அந்தப் பின்புலத்தில்தான் 1966-இல் வார்சா பன்னாட்டுச் சுவரொட்டி பினாலே, அதாவது ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் போட்டிக் கண்காட்சி, தொடங்கியது. இவ்வகைப் போட்டிகளில் உலகிலேயே மூத்தது இது. ஓவியரும் ஆசிரியருமான யூசெஃப் ம்ரோஷ்சாக் இதை உருவாக்க முன்னின்றவர்களில் ஒருவர். பல நாட்டு நடுவர்கள் கூடி, கருத்து, பண்பாடு, விளம்பரம் என்று பிரித்துப் பார்த்துப் பதக்கம் தந்தார்கள். முதல் பினாலேயில் தங்கம் பெற்றவர்களில் யான் லெனிட்சாவும் உண்டு. ஆல்பன் பெர்க்கின் ‘வொட்செக்’ இசை நாடகத்துக்கு அவர் வரைந்தது, கிடைத்தால் கட்டாயம் பார். சிவப்பு முகம், நடுவில் பிளந்த வாய். அந்த வாயைச் சுற்றிக் கோடுகள், குளத்தில் கல் விழுந்தால் எழும் அலைவட்டம் மாதிரி விரிந்துகொண்டே போகும். பார்க்கும்போதே அலறல் காதில் விழும். இந்த மாமாவுக்கு அந்தக் காலத்துச் சுவரொட்டிகளில் இதைவிட உயர்ந்தது வேறில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1968-இல், விலானுவ் அரண்மனை வளாகத்தில் குதிரை பழக்கிய பழைய கூடத்தில் சுவரொட்டிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். உலகில் அப்படி ஒன்று அதுதான் முதல். மழையில் நனைந்து, பசை காய்ந்து, மறுவாரம் இன்னொரு தாளுக்கு அடியில் மறையப் பிறந்த காகிதத்துக்கு ஓர் அரண்மனை வாசல் திறந்தது என்று நினைக்கும்போது மனசு நிறைகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1989 ஜூன் 4 போலந்துத் தேர்தலுக்குத் தொமாஷ் சார்னெட்ஸ்கி என்ற இளைஞர் ஒரு சுவரொட்டி செய்தார். ‘ஹை நூன்’ என்ற அமெரிக்கப் படத்தில் மார்ஷலாக நடந்து வரும் கேரி கூப்பரின் படம். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு. பின்னால், அரசை எதிர்த்து நின்ற ‘சொலிடார்னோஷ்ச்’ தொழிற்சங்க இயக்கத்தின் சிவப்பு எழுத்து. ஊரறிந்த ஒரு படம், அதில் ஒரு மாற்றம். ஃபுகுடா செய்ததும் அதையேதானே?

இப்போது உன் ஏரிக்கு வருவோம். உன் தாளில் ஐந்து போஸ்டர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. சுவரொட்டியைப் படிக்க யாரும் உட்காருவதில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் கண்ணில் அது விழ வேண்டும். வாசகத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பார், படம் பேசுகிறதா என்று. பிறகு தபால்தலை அளவில் இருபது சின்னப் படங்கள் போடு. ஒவ்வொன்றிலும் ஒரே பொருள். அந்த அளவில் புரியாதது பெரிய தாளிலும் புரியாது. தேறுவதை மட்டும் பெரிதாக்கு.

உன் படத்தில் மூலையில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நிற்கிறதே, அதன் காலடியில் தண்ணீருக்குப் பதில் வெடித்த மண். மாமாவின் கண் அங்கேதான் போய் நின்றது. அதை மட்டும் எடுத்துத் தொடங்கிப் பார். பொங்கலுக்கு வரும்போது அந்த இருபதையும் கொண்டு வா. எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, தெருவின் இந்தப் பக்கம் நின்று இரண்டு பேரும் பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா