ஐப்பசியில் ஒகினாவா: ஒரு தேனிலவுப் பயணத்தின் புவியியல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., புவியியல்)

தேனிலவு என்றவுடன் நம் கண்முன் எழுவது திரைப்படப் பாடற்காட்சிதான். நீலக்கடல், வெண்மணல், ஒரு படகு, அதில் இருவர். அந்தப் படகு எந்த மாதத்தில் மிதக்கிறது, எந்தக் காற்றில் மிதக்கிறது என்று நாம் கேட்பதில்லை. என் அக்காவின் திருமணம் முடியும் வரையில் நானும் கேட்டதில்லை.

வைகாசியில் திருமணம் நடந்தது. அத்தானுக்கு டோக்கியோவுக்கு அருகில் வேலை. விசா கிடைத்து அக்கா ஆகஸ்டு மாதத்தில்தான் ஜப்பான் செல்ல முடியும் என்றாயிற்று. ஆகஸ்டு நடுவில் அந்நாட்டில் 'ஓபோன்' என்னும் முன்னோர் வழிபாட்டு விடுமுறை வருகிறது. அந்த விடுமுறையிலேயே ஒகினாவாத் தீவுக்குச் சென்று வரலாம் என்பது அத்தானின் எண்ணம். ஒருநாள் தொலைபேசியில், "தம்பி, நீ புவியியல்தானே படிக்கிறாய்? ஒரு திட்டம் போட்டுக் கொடேன்" என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. பிளஸ் டூ முடித்தவுடன் நூற்பாலைக்குப் போய் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவள் அக்கா. அவளுக்கு நீந்தத் தெரியாது. ஆகவே விளையாட்டாகத் திட்டம் போட மனம் வரவில்லை. நூலகத்திலும் எங்கள் துறை ஆசிரியர்களிடமும் இரண்டு மாதம் அலைந்து அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தீவின் இருப்பிடம்

ஜப்பானின் தென்மேற்கு மூலையில், கியூஷூவுக்கும் தைவானுக்கும் இடையே ஒரு மாலை போலக் கிடக்கின்றன ரியூக்யூத் தீவுகள். அவற்றில் பெரியது ஒகினாவா. தலைநகர் நாஹா ஏறக்குறைய 26 பாகை வட அட்சரேகையில் உள்ளது. நம் நாட்டின் குவாலியரும் குவஹாத்தியும் அதே அட்சரேகையை ஒட்டியவைதாம். கடகரேகை இருபத்து மூன்றரைப் பாகையில் முடிந்துவிடுகிறது. எனவே இது வெப்பமண்டலத் தீவு ஆகாது, துணை வெப்பமண்டலத் தீவு. இருந்தும் அங்கே பவளப்பாறைகள் செழித்து வளர்கின்றன. காரணம், தீவுகளுக்கு மேற்கே வடக்கு நோக்கி ஓடும் குரோஷியோ என்னும் வெப்ப நீரோட்டம். 'கரிய நீரோட்டம்' என்பது அப்பெயரின் பொருள். சனவரியில் நாஹாவின் சராசரி வெப்பநிலை 17 பாகை செல்சியசு; சூலையில் 29.

இந்த அழகிய தீவுக்கு ஓர் அழுகைக் கதையும் உண்டு. 1945 ஏப்ரல் முதல் சூன் வரை அங்கு நடந்த போரில் மடிந்தோரின் பெயர்கள், தென்கோடியில் உள்ள மாபுனியில் 1995இல் எழுப்பிய கற்சுவர்களில் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன; 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியில் இருந்த தீவு, 1972 மே 15 அன்றுதான் மீண்டும் ஜப்பானுடன் சேர்ந்தது. தேனிலவுப் பயணத்தில் அங்கெல்லாம் போக வேண்டுமா என்று அத்தான் கேட்டார். அரைநாள் போதும், போய் வாருங்கள் என்று எழுதினேன்.

எப்போது செல்வது?

திட்டத்தின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். தங்கும் விடுதியை மாற்றலாம், உணவை மாற்றலாம். மாதத்தைத் தவறாகத் தேர்ந்துவிட்டால் பணம் முழுதும் விடுதி அறையின் சன்னலோரத்தில் கரைந்துவிடும்.

சனவரி முதல் மார்ச்சு வரை திமிங்கிலம் பார்க்கச் செல்வோருக்கு உகந்த காலம். கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் கெராமாத் தீவுகளின் அருகே வந்து குட்டி ஈனுகின்றன. ஆனால் கடல்நீர் 21, 22 பாகைக்கு இறங்கிவிடும். நம் ஊர்க்காரர் அந்நீரில் ஐந்து நிமிடம் நிற்கமாட்டார். மே இரண்டாம் வாரத்திலிருந்து சூன் மூன்றாம் வாரம் வரை மழைக்காலம். அது முடியும்போது 'காச்சிபே' என்று தீவினர் அழைக்கும் தென்காற்று வீசி வானத்தைத் துடைத்துவிடுகிறது. சூன் இறுதியும் சூலைத் தொடக்கமும் மிக நல்ல நாட்கள். அக்காவுக்கு விசா வராத நாட்களும் அவைதாம்.

அடுத்து வருவது சூறாவளிக் காலம். மேற்குப் பசிபிக்கில் தோன்றும் சூறாவளிகளில் ஆண்டுக்கு ஏழெட்டு ஒகினாவாப் பகுதியை நெருங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரை வருபவை. இதில் ஒரு நுட்பம் உள்ளது. இச்சூறாவளிகள் பசிபிக் உயரழுத்தப் பகுதியின் தெற்கு விளிம்பில் மேற்கு நோக்கி வந்து, அதன் மேற்கு ஓரத்தைச் சுற்றி வடகிழக்காகத் திரும்புகின்றன. ஒகினாவா இருப்பது அந்தத் திருப்பத்தில். திருப்பத்தில் சூறாவளியை இழுத்துச் செல்லும் காற்று வலுவிழந்துவிடுவதால், அது நடை தளர்ந்து அங்கேயே தங்கிவிடுவதுண்டு. 2023 ஆகஸ்டு முதல் வாரத்தில் வந்த 'கானூன்' தீவைத் தாக்கிவிட்டு மேற்கே சென்று, மீண்டும் கிழக்கே திரும்பி வந்து இரண்டாம் முறை அலைக்கழித்தது. விமானங்கள் நாட்கணக்கில் நின்றன. (கானூன் என்பது தாய்லாந்து மொழியில் பலாப்பழமாம். பழத்தின் பெயரை யார் வைத்தார்களோ, முள்ளை நினைத்து வைத்திருப்பார்கள்.)

சூறாவளியைத் திட்டிவிட்டு அதற்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும். ஆழத்துக் குளிர்நீரை மேலே கலக்கிக் கடலின் சூட்டைத் தணிப்பது அதுதான். சூறாவளி வராத கோடையில் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப் போகின்றன. 1998இலும் 2016இலும் அவ்வாறு நேர்ந்தது.

ஓபோன் விடுமுறை விழுவது இந்தக் காலத்தின் நட்டநடுவில். விமானக் கட்டணமும் அறை வாடகையும் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆகவே, "ஆகஸ்டு வேண்டாம் அத்தான், அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குப் பின் செல்லுங்கள்" என்று எழுதினேன். அதற்குள் சூறாவளிகள் குறைந்துவிடும். நிலம் குளிர்ந்தாலும் கடல் குளிராது; நீரின் வெப்ப ஏற்புத்திறன் அதிகம் என்று நாம் ஆய்வுக்கூடத்தில் செம்புக் கலோரிமானியை வைத்துக் கண்டறிந்தது இங்கே பயன்படுகிறது. அக்டோபரிலும் கடல்நீர் ஏறக்குறைய 27 பாகை இருக்கும். காற்றோ 25 பாகை அளவில் இதமாக இருக்கும்.

இங்கேதான் அம்மா குறுக்கிட்டார். "ஐப்பசியில் யாராவது பெண்ணைக் கடலுக்கு அனுப்புவார்களா? புயல் மாதம் அல்லவா?" அம்மா சொன்னது தவறன்று. நம் வங்கக் கடலில் ஐப்பசியும் கார்த்திகையும்தான் புயல் மாதங்கள். வானொலியில் எச்சரிக்கை கேட்டுக் கேட்டு வளர்ந்த அனுபவம் அது. ஆனால் அம்மாவின் ஐப்பசி வேறு, ஒகினாவாவின் ஐப்பசி வேறு. நிலப்படத்தை விரித்துத் தரையில் உட்கார்ந்து இரண்டு கடலையும் காட்டினேன். அம்மா நிலப்படத்தைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு, "சரி, நீ படித்தவன், சொல்கிறாய்" என்று எழுந்து போனார். தேர்வு எழுதிய நாளில்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

அக்டோபருக்கும் ஒரு குறை உண்டு. 'மீனிஷி' எனப்படும் புதிய வடகாற்று அப்போது வீசத் தொடங்கும். அது வலுத்த நாளில் நாஹாவிலிருந்து கெராமாத் தீவுகளுக்குச் செல்லும் விரைவுப் படகுகள் நிறுத்தப்படலாம். எனவே கெராமாப் பயணத்தை முதல் நாட்களிலேயே வைத்துக்கொண்டு, விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய நாளில் நாஹாவுக்குத் திரும்பிவிட வேண்டும்.

கடலுக்குள் இறங்குமுன்

ஒகினாவாவின் பல கரைகளில் மணலுக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே பவளத்திட்டு ஒரு மதில்போல் நிற்கும். மதிலுக்கு உள்ளே உள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பைத் தீவினர் 'இனோ' என்கின்றனர். குளம்போல் அமைதியாகத் தோன்றும். மதிலில் ஆங்காங்கே உடைப்புகள் உண்டு. அவற்றிற்குக் 'குச்சி', அதாவது வாய், என்று பெயர். அலைகள் மதிலைத் தாண்டிக் கொட்டிய நீரெல்லாம் இந்த வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் அவ்விழுப்பு இன்னும் கூடும். மதகு திறந்த ஏரியில் மதகருகே குளிப்பவனின் நிலையே வாயருகே நீந்துபவனின் நிலை. இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தலாகாது. மிதந்தபடி பக்கவாட்டில் விலக வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். கரையில் இருப்பவர் 118 என்ற எண்ணில் கடலோரக் காவற்படையை அழைக்கலாம்.

ஆதலால் நாளைத் தேர்ந்தது போலவே நேரத்தையும் தேர வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். நாஹாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர் வேறுபாடு. பழைய சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாளன்று கடல் வெகுதூரம் வற்றும். தீவின் பெண்கள் அன்று கரைக்கு இறங்கிக் கடல்நீரால் தம்மைத் தூய்மை செய்துகொள்வது 'ஹமாவுரி' என்னும் பழைய வழக்கம். நீந்தத் தெரியாத புதியவர்க்கோ அரைநிலவை ஒட்டிய நாட்களே ஏற்றவை. ஓதம் சிறுத்து இழுப்பும் தணிந்திருக்கும். அங்குள்ள ஓத அட்டவணையில் 'கோஷியோ' என்று குறிப்பிட்டிருப்பார்கள்.

அரைநிலவு என்றால் அட்டமி, நவமி. மீண்டும் அம்மா! "அட்டமி நவமியில் புதுமணத் தம்பதியர் புறப்படுவதா?" இம்முறை நிலப்படம் உதவவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டி, சப்தமியன்று விமானம் ஏறுவது, அட்டமியன்று கடலில் இறங்குவது என்று ஏற்பாடு செய்தேன். புறப்பாடுதான் சாத்திரத்துக்குள் வரும், குளியல் வராது என்று அம்மாவே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

விளையாட்டுகளில் எளியது ஸ்நார்க்கெல் குழாயை வாயில் கவ்விக்கொண்டு முகத்தை நீரில் வைத்து மிதப்பது. எளியது என்பதனாலேயே ஆபத்தும் அதில்தான். குழாயில் நீர் புகுந்தால் புதியவர் பதறிவிடுகிறார். பதறினால் காலடியில் தரை இருப்பதே மறந்துவிடும். மிதவைச் சட்டை அணியாமல் அக்கா இறங்கக்கூடாது என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். மயேதா முனையில் உள்ள 'நீலக்குகை' புகழ்பெற்றது. அலை மிகுந்தால் அங்கே இறங்கத் தடை போடுவார்கள். தடை போட்ட நாளில் வாதாடாமல் மோத்தோபுவில் 2002இல் திறக்கப்பட்ட சுராவுமி மீன்காட்சியகத்துக்குச் சென்றுவிடலாம். 7,500 கன மீட்டர் நீர் கொண்ட தொட்டியில் திமிங்கிலச் சுறா நீந்துவதை நனையாமலே பார்க்கலாம்.

அத்தானுக்கு ஆழ்கடல் முக்குளிப்பிலும் ஆசை. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் குருதியில் நைட்ரசன் கூடுதலாகக் கரையும் என்பது ஹென்றி விதி. அது மெல்ல வெளியேறும் முன்னே விமானத்தில் உயரே சென்றால், சோடாப் புட்டியைத் திறந்த கதைதான். முக்குளித்தபின் 18 மணி நேரமாவது விமானம் ஏறலாகாது.

'ஹபு குராகே' என்ற பெட்டிச் சொறிமுட்டை சூன் முதல் செப்டம்பர் வரை மிகுதி. அக்டோபரில் குறைந்தாலும் வலையடித்துக் காவலர் நிற்கும் கரையில் குளிப்பதே நல்லது. கொட்டிவிட்டால் தேய்க்காமல் வினிகரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். கடற்கரையில் கூம்பு வடிவில் அழகிய சங்கு கிடந்தால் எடுக்கவே கூடாது. உயிருள்ள கூம்புச் சங்கு ஆளைக் கொல்லும் நஞ்சுடையது. அக்காவுக்குச் சிப்பி பொறுக்கும் பழக்கம் உண்டு என்பதால் இதையும் சிவப்பு மையில் எழுதினேன்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 'கோயா' என்று விரும்பி உண்பது நம் பாகற்காய்தான். அக்கா தட்டில் ஒதுக்கி வைக்கும் அதே பாகற்காய்.

ஆகஸ்டு முன்பதிவை ரத்து செய்ததில் அத்தானுக்குக் கொஞ்சம் பணம் இழப்பு. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒருநாள் அக்கா பேசினாள். ஜப்பானியர் வீட்டுக் குளியல்தொட்டி ஆழமானதாம். நீரை நிரப்பி, கண்ணாடியும் குழாயும் மாட்டி, முகத்தை வைத்து மூச்சுவிடப் பழகுகிறாளாம். முதல் நாள் எட்டு எண்ணுவதற்குள் தலையைத் தூக்கிவிட்டாள். இப்போது இருநூறு வரை எண்ண முடிகிறது. "தம்பி, தொட்டியில் மீன் இல்லையே, அங்கே மீன் வந்து முகத்தில் முட்டினால் என்ன செய்வது?" என்று கேட்டாள். அதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அத்தானின் கையைப் பிடித்துக்கொள் என்று சொல்லி வைத்தேன்.