கணித வினாத்தாளும் காலப் பங்கீடும்

பொறியியற் பீடத்துக்கு வாயிலாய் அமைவது க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் இணைந்த கணிதமாகும். அதன் வினாத்தாள்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரம், 1000 புள்ளி. முதற்பகுதியின் 10 குறுவினாக்களுக்கு 250 புள்ளியும், இரண்டாம் பகுதியில் எழுதவேண்டிய 5 நெடுவினாக்களுக்கு 750 புள்ளியும் உரியன. காலத்தையும் இவ்வாறே பகிர்ந்தால் முற்பகுதிக்கு 45 நிமிடமும் நெடுவினா ஒவ்வொன்றுக்கும் 27 நிமிடமும் வரும். ஒரே வினாவில் ஒரு மணி நேரம் சிக்குண்டவன், தான் நன்கறிந்த வேறொன்றை எழுதாமலே மண்டபத்தை விட்டு நீங்குகின்றான்.

பள்ளிமுனைக் கரையில் வளரும் மாணவன் இப்பாடத்தை அயலதெனக் கருத வேண்டியதில்லை என்பது நம் துணிபு. குறுக்கோடும் நீரோட்டத்தில் நேரெதிரே சேர, வள்ளத்தின் அணியத்தை ஓட்டத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்துச் செலுத்த வேண்டுமென்பதை அவன் அறிவான். வினாத்தாள் அதனையே சார்பு வேகம் என்கின்றது. வள்ளத்தின் வேகம் மணிக்கு 5 கிலோமீற்றர், நீரோட்டத்தின் வேகம் 3 எனின், செங்கோண முக்கோணத்தின்படி விளையுள் வேகம் 4 ஆகும்.

முதலிற் படம், அடுத்துச் சமன்பாடு, பின்னரே விடை. இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளியுண்டு. ஆதலின், மாணவர்காள், பழைய வினாத்தாள்களை மணிக்கூட்டை முன்வைத்து முழுமையாக எழுதிப் பழகுங்கள். பழைய மாணவராகிய நாமோ, வாரத்தில் ஒரு மாலையேனும் அவர்கள் அருகிருந்து அவ்விடைகளைத் திருத்தக் கடமைப்பட்டுள்ளோம்.