இறக்கி வாங்குவது யார்?



2022-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் விமான் நகரில் தமிழ் அன்பர்கள் சிலர் ஒரு வீட்டில் கூடினோம். இலங்கையில் அரிசிக்கும் பால் பவுடருக்கும் மக்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம். "ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி, கொஞ்சம் துணிமணி சேர்த்து அனுப்பலாமே" என்றார் ஒரு நண்பர். நல்ல மனம்தான். ஆனால் ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு உடனே எழுந்த கேள்வி, "அங்கே இறக்கி வாங்குவது யார்?" என்பது. வண்டி போய்ச் சேர்வது வேறு. சரக்கு உரியவரிடம் போய்ச் சேர்வது வேறு. நிவாரண உதவியில் உள்ள சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அனுமதி. வெளியுறவு மத்திய அரசின் பொறுப்பு. ஒரு மாநிலம் தானாக வெளிநாட்டுக்கு உதவி அனுப்ப முடியாது. ஆகவே தமிழக சட்டமன்றம் ஏப்ரல் 29 அன்று தீர்மானம் நிறைவேற்றி அனுமதி கேட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள். மதிப்பு சுமார் 123 கோடி ரூபாய். மே 18 அன்று முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது.

இரண்டாவது, துறைமுகத்துக்கு அப்பால் உள்ள வழி. முதல் கப்பலில் 9,000 டன் அரிசி. ஏறக்குறைய மூன்றரை சரக்கு ரயில் பாரம். பத்து டன் லாரி என்றால் 900 லாரிகள் வேண்டும். அங்கேயோ அன்னியச் செலாவணி தீர்ந்து, டீசலுக்கே நீண்ட வரிசை. மே 9 அன்று பிரதமர் மகிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். கலவரமும் ஊரடங்கும் தொடர்ந்தன.

மூன்றாவது, யாருக்கு என்பது. 1987 ஜூன் 3 அன்று நிவாரணம் ஏற்றிச் சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் பொருள்களைப் போட்டன. மேலிருந்து போட்டதை யார் எடுத்தார் என்று கணக்குப் பார்க்க முடியுமா? 2022-இல் இரு அரசுகளின் சம்மதத்தோடு பொருள்கள் சென்றன. தமிழர் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் என்று அனுப்பியதால் பகையும் வளரவில்லை.

நான்காவது, கடல் கடந்து இங்கே வந்தவர்கள். 2022 மார்ச் 22 அன்று குழந்தைகள் உட்பட 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமில் இடமும் உணவும் கிடைத்தன. ஆனால் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அரசு உத்தரவுதான் ஆதாரம். 1983 முதல் வந்து பதிவானவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. புதிதாக வந்தவர்களுக்கோ அகதி என்ற பதிவே எளிதில் கிடைக்கவில்லை. பசித்தவன் எதிரில் நின்றாலும் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டியிருக்கிறது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு நன்கொடை கேட்டு மே மாதம் அறிவிப்பு வந்ததும், பணமாகச் சேர்த்து அனுப்பினோம். "மூட்டையைக் கையால் தூக்கிக் கொடுத்த திருப்தி இல்லையே சார்" என்று நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் பூனாவிலிருந்து மூட்டை சென்னை போகும் லாரி வாடகையில் இன்னும் சில மூட்டை அரிசி வாங்கலாம்.

கொடுப்பவரின் திருப்தியை விட வாங்குபவரின் பசி பெரிது. அடுத்த முறை உதவிக்குக் கை நீட்டும்போது, பொருளைத் தேடுமுன் வழியைத் தேடுவோம்.