கண்ணுள் வினைஞர்

ஓவியம் வரைவோரைப் பழந்தமிழர் ‘கண்ணுள் வினைஞர்’ என்னும் அரிய சொல்லால் அழைத்தனர். இச்சொல்லை மதுரைக்காஞ்சியில் காண்கிறோம். தம்மை நோக்குவோரின் கண்ணிடத்தே தம் தொழிலை நிலைநிறுத்துவோர் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதற்குப் பொருள் காண்பார். இவ்விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஓவியத் தொழில் நிலைபெறுவது வரைபவனின் கண்ணில் அன்று. காண்பவனின் கண்ணில் என்பது இதனால் பெறப்படுகிறது. அவ்வாறாயின், கண்ணொளி இழந்த ஒருவர் கண்ணுள் வினைஞராக விளங்குதல் கூடுமா? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது வங்கத்து ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியின் வாழ்வு. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

தடையும் வேட்கையும்

பினோத் பிஹாரி 1904ஆம் ஆண்டு கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தார். இளமையிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலோ கடுமையான கிட்டப்பார்வை. இதனால் முறையான பள்ளிக் கல்வி தடைப்பட்டது. 1917இல் சாந்திநிகேதனம் வந்து சேர்ந்த அவர், 1919இல் அங்குக் கலாபவனம் தொடங்கப்பெற்றபோது அதன் முதல் மாணவர்களுள் ஒருவரானார்.

பார்வைக் குறையுடைய மாணவன் ஓவியம் பயில்வது பொருந்துமா என ஆசிரியர் நந்தலால் போஸ் தயங்கினார். அம்மாணவன் தன் இடத்தில் அமர்ந்து ஒழுங்காக உழைக்கிறான் என்றால் அவனைத் தடுக்க வேண்டா என்பதே தாகூரின் கருத்தாக இருந்தது. ஒரு மாணவனின் தகுதியை அவனுடைய குறையால் அளவாமல் உழைப்பால் அளந்த பெருந்தன்மை இது. இத்தகைய ஒரு சொல் உரிய நேரத்தில் கிடைக்காமையால் முளையிலேயே கருகிய கனவுகள் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உழைப்பின் உயர்நிலை

1925 முதல் அவர் அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். 1937-38இல் ஜப்பான் சென்று கீழைநாட்டுத் தூரிகை மரபை நேரில் கண்டறிந்தார். 1940இல் மாணவர் விடுதிக் கூரையின் உட்புறத்தில் வீர்பூம் மாவட்டத்துச் சிற்றூர் வாழ்க்கையை ஓவியமாக்கினார். 1946-47இல் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்கால அருளாளர்களை வரைந்தார். இதுவே அவருடைய படைப்புகளுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுகிறது. நம் தமிழகத்து இராமானுசரும், நெசவாளராகிய கபீரும், சூர்தாசரும், துளசிதாசரும், குரு கோவிந்த் சிங்கும் அதில் இடம்பெற்றுள்ளனர்.

ஈரச் சுண்ணப் பூச்சு உலர்வதற்குள் வண்ணம் தீட்டி முடிக்க வேண்டிய அரிய முறை அது. பிழை நேரின் அழித்தெழுத இயலாது. அத்தகைய பெருஞ்சுவரில், முழு அளவு மாதிரிப் படம் ஏதுமின்றி நேரடியாகவே அவர் வரைந்தார். குறைந்த பார்வையுடைய ஒருவர், முழுமையும் உள்ளத்தில் அமைத்துக்கொண்ட பின்னரே இப்பணியைச் செய்திருத்தல் கூடும்.

இடுக்கண் வந்தபோது

அச்சுவரில் இடம்பெற்ற சூர்தாசர் பார்வையற்றவர் என்பது வழிவழி வரும் செய்தி. அவரைத் தீட்டிய ஓவியருக்கும் அந்நிலையே வாய்த்தது. 1956இல் செய்துகொண்ட கண்புரை அறுவை மருத்துவம் பயனளிக்காமையால், எஞ்சியிருந்த பார்வையையும் அவர் முற்றிலும் இழந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

ஓவியருக்கு இதனினும் பெரிய இழப்பு உண்டோ? ஆயினும் அவர் சோர்ந்து அமர்ந்தாரல்லர். 1958இல் கலாபவனத்திற்குத் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். கண் செய்த பணியை விரல்களிடம் ஒப்படைத்தார். வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி உருவங்கள் அமைத்தார், மெழுகால் சிறு சிற்பங்கள் வனைந்தார், கோட்டோவியங்கள் தீட்டினார். 1972இல் கலாபவனச் சுவரில் பீங்கான் ஓடுகளாலான பெரும்படைப்பொன்றை உருவாக்கினார். அவருடைய மாணவராகிய சத்யஜித் ராய் அதே ஆண்டில் ‘தி இன்னர் ஐ’ என்னும் ஆவணப்படத்தில் இக்காட்சிகளைப் பதிவு செய்தார். 1974இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1980இல் அவர் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டுவன

இவர் வாழ்வைக் குருட்டுத் துணிவின் கதையாகக் கொள்ளுதல் பொருந்தாது. இழந்த பார்வை அவருக்கு மீளவில்லை. முன்போல் பெருஞ்சுவரில் தூரிகை ஓட்டவும் இயலவில்லை. அவர் பழைய வழியைப் பற்றிக்கொண்டு புலம்பாமல், பார்வையின்மையையே ஒரு புதிய அனுபவமாக ஏற்று, கருவியை மாற்றிக்கொண்டார், குறிக்கோளை மாற்றவில்லை. வள்ளுவர் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என மூன்று அதிகாரங்களைத் தனித்தனியே வகுத்ததன் பொருத்தம் இங்கு விளங்கும். வேட்கை மட்டும் போதாது; உழைப்பு வேண்டும். உழைப்பு மட்டும் போதாது; இடர் வந்தபோது நிலைகுலையா உள்ளமும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! வறுமையோ, உடற்குறையோ, தேர்வில் நேர்ந்த தோல்வியோ உங்கள் கனவின் ஒரு வாயிலை அடைக்கலாம். மற்றொரு வாயிலைத் தேடும் உரிமை உங்களிடமே உள்ளது. பெற்றோரும் ஆசிரியரும் ஆகிய நாமோ, “உன்னால் இது இயலுமா?” என்று வினவுவதற்கு முன், “நீ ஒழுங்காக உழைக்கிறாயா?” என்று வினவப் பழக வேண்டும். அவ்வாறு வினவிய ஓர் இடத்தில்தான், கண்ணொளி குன்றிய சிறுவன் ஒருவன் காண்போர் கண்களில் என்றும் நிலைபெறும் கண்ணுள் வினைஞனாக உயர்ந்தான்.