வைக்கோலும் சங்கத் தராசும்

சம்பா அறுவடை முடிந்ததும் நெல் வீடு சேர்கிறது. வைக்கோல் போராக எழுகிறது. போர் பெரிதாயிருந்தால் மாட்டுத் தீவனத்திற்குக் குறைவில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆயினும் கோடையின் இறுதியில் உழவு மாடுகளும், இறைச்சிக்கென வளர்க்கும் கடாக்கன்றுகளும் விலா எலும்பு தெரிய நிற்கின்றன. வயிறு நிறைந்தும் உடல் தேறாமைக்குக் காரணம் யாது?

நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே உண்டு. அன்றியும், அதன் நாரை லிக்னின் என்னும் கட்டைப் பொருள் இறுகப் பிணைத்துள்ளது. நாரைச் செரிக்கச் செய்பவை மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே. புரதம் குறைந்தால் அவை பெருகுவதில்லை. பிணைப்பு இறுகியிருந்தால் நாரை அவை நன்கு அணுகவும் இயலாது.

இவ்விரு குறைகளையும் யூரியாவைக் கொண்டு பெரிதும் நீக்கலாம். உலர்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு யூரியா 4 கிலோ, தண்ணீர் 50 லிட்டர் என்பது கணக்கு. யூரியாவை முற்றும் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மீதும் சீராகத் தெளித்து மிதித்து அழுத்துக. பின்னர்க் காற்றுப் புகாதபடி தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து 21 நாள் விட்டுவைக்க வேண்டும். உள்ளே உண்டாகும் அம்மோனியா ஆவி பிணைப்பைத் தளர்த்துகிறது. புரத அளவும் ஏறத்தாழ இருமடங்காகிறது.

பிரித்தெடுத்த வைக்கோலைச் சில மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, நெடி தணிந்தபின் கொடுக்கலாம். முதலில் சாதாரண வைக்கோலுடன் சிறிதளவே கலந்து, ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுக. பூஞ்சணம் பூத்த பகுதியைக் கழித்துவிடுக. ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. நிலக்கடலைக் கொடிக்கும் உளுந்தம் பொட்டுக்கும் இம்முறை வேண்டா. அவற்றில் இயல்பாகவே புரதம் மிகுதி. கடாக்கன்றுகள் விரைந்து எடையேற, இவ்வைக்கோலுடன் பசுந்தீவனமும் புண்ணாக்கும் தாது உப்பும் சேர்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. யூரியாவைக் கையளவாகவும் கண்ணளவாகவும் போடுதல் பெருந்தவறு. கரைசலை மாடு குடித்துவிட்டாலோ, கரையாத யூரியாவைத் தின்றுவிட்டாலோ, வயிறு உப்பி, உடல் நடுங்கி, வாயில் நுரை தள்ளிச் சில மணி நேரத்திற்குள் இறக்கவும் கூடும். அறிகுறி கண்டவுடன் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கரைசல் வாளியையும் யூரியா மூட்டையையும் மாடு எட்டாத இடத்தில் வைத்தல் நம் கடமை.

தார்ப்பாயும் தராசும் தனித்தனியே வாங்குவது சிறு உழவர்க்குச் சுமையே. சங்கம் இவற்றை வாங்கி முறை வைத்து அளிக்குமாயின் செலவு குறையும்; அளவும் பிழைபடாது. நெல்லை நிறுத்து விற்கும் நாம், மாட்டின் உயிரைக் காக்கும் பொருட்டு யூரியாவையும் நிறுத்தே இடுவோமாக.