முப்பது வருஷ உளிக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: கட்டுமானக் கம்பெனியில் 30 வருஷம் தச்சராக இருந்த என் மாமா ஓய்வு பெறுகிறார். தினக்கூலிக்குப் பணிக்கொடை உண்டா?
(ஒரு வாசகர், பெரியதாழை)

பதில்: உண்டு. தினக்கூலி என்பதற்காக யாரும் கைவிரிக்க முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்குப் பணிக்கொடை சேரும். 1972-ம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு இது: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 10,500. முப்பது ஆண்டுக்கு 3,15,000 ரூபாய்.

சிக்கல் வேறிடத்தில். சென்ட்ரிங் பலகை அடிக்கும் தச்சர்கள் பலர் மேஸ்திரி மூலமே கம்பெனிக்குள் நுழைகிறார்கள். மாமாவின் பெயர் யார் பதிவேட்டில் இருக்கிறது, கம்பெனியிலா மேஸ்திரியிடமா? சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு வரவு எல்லாமே கம்பெனியில் வேலை செய்ததற்குச் சான்றுதான்.

பி.எஃப். பிடித்திருந்தால், பத்தாண்டு சேவை முடித்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியமும் உண்டு. பிடிக்கவே இல்லையா? தச்சர்களையும் சேர்த்துக்கொள்ளும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். அங்கே 60 வயது நிறைந்தால் ஓய்வூதியம். 60 தாண்டியபின் புதிதாகப் பதிய முடியாது.